சிதம்பரனார் எழுதிய தம் கதை

தூத்துக்குடியில் வளரும் பிள்ளைகளுக்குச் செப்டம்பர் 5ஆம் நாளன்று இரண்டு விழாக்கள் உண்டு. ஒன்று, நாடெங்கும் கொண்டாடும் ஆசிரியர் நாள். மற்றொன்று, எங்கள் மண்ணுக்கே உரிய வ. உ. சிதம்பரனார் பிறந்த நாள். நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது அந்த விழாவின் பேச்சுப் போட்டியில் முதற் பரிசு பெற்றேன். பரிசு ஓர் எவர்சில்வர் தட்டு. இன்றும் எங்கள் வீட்டில் என் தந்தையார் அதில்தான் உண்கிறார்.

அந்தப் பேச்சில் ஒரு பகுதிக்குக் கைதட்டல் அடங்கவே இல்லை. சிதம்பரனார் கண்ணனூர்ச் சிறையிலிருந்து விடுதலை பெற்று வெளியே வந்தபோது ஆயிரமாயிரம் மக்கள் கடல்போல் திரண்டு நின்று மாலைகளை வாரி வீசினார்கள் என்று நான் முழங்கினேன். பேச்சின் மற்றப் பகுதிகளை எழுதிக் கொடுத்தவர் என் அத்தை. இந்த ஒரு வரியை மட்டும் நானே கூட்டிக்கொண்டேன். அவ்வளவு பெரியவர் வெளியே வந்தால் அப்படித்தானே நடந்திருக்கும் என்று எண்ணினேன். பரிசு கிடைத்தது. வரி பொய்.

அது பொய் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. இயற்பியலில் முதுகலை பயில்வதற்காகப் பெங்களூருக்கு வந்த பிறகு, அல்சூர் ஏரிக்கரையில் உள்ள தமிழ்ச் சங்கத்து நூலகத்திற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்றேன். வெளியூரில் வாழும் தமிழனுக்குத் தன் ஊர்ப் பெயரை அச்சில் பார்ப்பதிலேயே ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்திற்காகத்தான் தூத்துக்குடி பற்றிய நூல்களைத் தேடினேன். கையில் கிடைத்தது வ. உ. சி.யின் சுயசரிதை. கப்பலோட்டிய தமிழன் தம் கதையைத் தாமே எழுதியிருக்கிறார் என்ற செய்தியே அன்றுவரை எனக்குத் தெரியாது. முதற் பரிசு பெற்றவனின் இலட்சணம் அது!

விடுதிக்கு எடுத்து வந்து இரண்டு இரவுகளில் படித்தேன். என் அறை நண்பன் தார்வாட்காரன். அவனும் அறிவியல் மாணவன். என்ன படிக்கிறாய் என்று கேட்டான். சொன்னேன். ஒருவன் தன்னைப் பற்றித் தானே எழுதியதை எந்த அளவுக்கு நம்பலாம், அதை வரலாறு என்பதா கதை என்பதா என்று அவன் திருப்பிக் கேட்டான். கருவி தன்னைத் தானே அளந்து சொல்லும் அளவை நம் ஆய்வுக்கூடத்தில் யார் ஏற்பார்கள் என்றும் சிரித்தான். அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. இக்கட்டுரையை அவனுக்குச் சொல்லும் விடை என்றே கொள்ளலாம். ஆனால் முதலில் அந்த வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன்.

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை, வழக்கறிஞர். தாயார் பரமாயி அம்மையார். பாட்டியிடம் சிவன் கதைகளும் பாட்டனாரிடம் இராமாயணமும் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். இந்த இளமைப் பகுதியை அவர் எழுதியிருக்கும் முறையே நம்மை வியக்க வைக்கும். நாட்டுக்காகச் சிறை சென்ற ஒருவர் தம் கதையைத் தொடங்கும்போது, பிறக்கும்போதே விடுதலை வேட்கையோடு பிறந்ததாகக் காட்டிக்கொள்ள ஆசைப்படுவார் என்று நாம் எதிர்பார்ப்போம். இவரோ தாம் ஆடிய விளையாட்டுக்களை எல்லாம் ஒன்று விடாமல் அடுக்கிக்கொண்டு போகிறார். படிப்பைவிட ஆட்டத்தில் மனம் சென்ற சிறுவனாகவே தம்மைக் காட்டுகிறார். வட்டாட்சி அலுவலகத்தில் சிறிது காலம் எழுத்தர் வேலை பார்த்த பின்புதான், தந்தையாரின் விருப்பத்தால், திருச்சிராப்பள்ளிக்குச் சென்று சட்டம் படித்தார். 1895ஆம் ஆண்டு முதல் ஒட்டப்பிடாரத்தில் வழக்கறிஞர் தொழில். ஏழைகளுக்காகவும் காவல்துறைக்கு எதிராகவும் குற்ற வழக்குகளில் வாதாடி விரைவில் பெயர் பெற்றார். 1900இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

முதல் மனைவி வள்ளியம்மையைப் பற்றிய இடம் நூலில் சிறியது. ஆனால் மறக்க முடியாதது. பார்வையற்ற துறவி ஒருவரைச் சிதம்பரனார் தம் இல்லத்தில் வைத்து உணவளித்து வந்தார். சாதி முறைக்கு இது ஒவ்வாது என்று உறவினர் முணுமுணுத்தனர். அந்த அம்மையாரோ தயக்கமின்றித் தம் கையாலேயே அவருக்கு உணவு படைத்தார். பிற்காலத்தில் மேடையேறிப் பேசிய சமத்துவத்தின் முதற் பாடத்தைத் தம் வீட்டு அடுக்களையில் மனைவியிடம் கண்டதாக அவர் அதைச் சொல்லி வைத்திருக்கிறார் என்றே நான் கொள்கிறேன். வள்ளியம்மை இளமையிலேயே மறைந்தார். பின்னர் மீனாட்சி அம்மையார் அவர்தம் வாழ்க்கைத் துணை ஆனார்.

1906ஆம் ஆண்டு சென்னையில் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த இராமகிருஷ்ணானந்தரைச் சந்தித்ததே தம் நெஞ்சில் சுதேசிய விதை விழக் காரணம் என்பது அவர் தரும் செய்தி. அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய்; பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். சிதம்பரனார் துணைச் செயலாளர். எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்கு ஆளும் சரக்கும் ஏற்றிச் செல்வதில் அதுவரை ஆங்கிலக் கப்பல் கம்பெனிக்குப் போட்டியே கிடையாது. காலியா, லாவோ என்ற இரு கப்பல்களும் வந்து சேர்ந்தபோது அந்த ஏகபோகம் ஆட்டம் கண்டது. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. பணம் படைத்தவன் நட்டத்தைத் தாங்குவான். பங்குப் பணத்தில் நடப்பவன் எத்தனை நாள் தாங்குவான்? இந்தப் போட்டியின் கணக்கு எளிது. விடை முன்கூட்டியே தெரிந்ததுதான்.

ஆயினும் கப்பல் அவருடைய கதையில் பாதிதான். 1908 பிப்ரவரி 27ஆம் நாள் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றுத் தொழிலாளர் வென்றனர். இந்த வெற்றிதான் ஆட்சியாளர்களின் பொறுமையைக் கெடுத்தது என்பது என் கருத்து. கப்பலைக் கட்டணத்தால் கவிழ்க்கலாம். ஒன்றுபட்டுவிட்ட ஆலைத் தொழிலாளியை எதனால் கவிழ்ப்பது? மார்ச்சு 12ஆம் நாள் இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொதித்து எழுந்தது. அரசு அலுவலகங்கள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். சூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். அரச நிந்தனைக்கு ஓர் ஆயுள் தண்டனை. சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு மற்றோர் ஆயுள் தண்டனை. அப்போது சிதம்பரனாருக்கு வயது 35. மேல் முறையீட்டில் தண்டனை பின்னர்க் குறைந்தது.

கோவைச் சிறையில் முதலில் சணல் கிழிக்கும் இயந்திரத்தில் அவரை வேலை செய்ய வைத்தனர். உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் வடிந்தது. பிறகு மாட்டுக்குப் பதிலாக எண்ணெய்ச் செக்கில் பூட்டினர். செக்கிழுத்த செம்மல் என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் அவர் எழுதிய நூலைப் படித்தவர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. செக்கைப் பற்றிய செய்தி அதில் மிகக் குறைந்த வரிகளில் முடிந்துவிடுகிறது. கண்ணீர் சிந்தும்படி விரித்துச் சொல்லும் வாய்ப்பு அது, அவர் விரிக்கவில்லை. நடந்ததைச் சொல்லி நகர்ந்துவிடுகிறார். அவர் விரித்துச் சொல்வதெல்லாம் மனிதர்களைப் பற்றித்தான். தம்மைக் கண்டு கைகுவித்த கைதி, அதைப் பொறுக்காத சிறையதிகாரி, சிறைக்குள் மூண்ட கலகம், உடன் இருந்த கைதிகளுக்குத் தாம் எழுதிக் கொடுத்த மனுக்கள். சிறைக்குள்ளும் அவர் வழக்கறிஞராகவே இருந்தார். எழுதும்போதும் சாட்சி சொல்பவர்போலவே எழுதினார்.

1910 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினர். அங்கே 1911 சூன் 17ஆம் நாள் நிகழ்ந்த ஆஷ் கொலைச் செய்தி அவரை எட்டியது. தூத்துக்குடியில் கப்பல் கம்பெனியை நசுக்க முனைந்தவர்களுள் ஒருவர் ஆஷ். மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதன் அவரைச் சுட்டுத் தானும் சுட்டுக்கொண்டு இறந்தான். அந்த ஆண்டே நாவாய்ச் சங்கமும் கலைந்தது. சுயசரிதையின் முதற் பகுதி கண்ணனூரில்தான் பிறந்தது. பரலி சு. நெல்லையப்பர் என்ற இளைய நண்பரின் வேண்டுகோளே அதற்குத் தூண்டுகோல். பிற்பகுதி பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. நூலாக வெளிவந்ததோ 1946ஆம் ஆண்டு. ஆசிரியர் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பின்.

இங்கே இலக்கியம் பற்றி ஒரு சொல். இந்தச் சுயசரிதை உரைநடை அன்று, அகவற்பா. இக்காலத்து மாணவர்களாகிய நமக்கு அது முதலில் தடையாகவே தோன்றும். ஆனால் ஒருவர் தம் கதையை அந்நாளில் தமிழில் சொல்ல விரும்பினால், பின்பற்றுவதற்கு எத்தனை உரைநடை நூல்கள் இருந்தன? திரு. வி. க.வின் வாழ்க்கைக் குறிப்புக்களும் உ. வே. சாமிநாதையரின் என் சரித்திரமும் 1940களில் வந்தவை. பாரதியார்கூட 1910இல் தம் இளமையைக் கனவு என்ற பெயரில் பாட்டாகத்தான் பாடினார். அகவலில் ஒரு வசதி உண்டு. வெண்பாவைப்போல் நாலடியில் கதவை அடைத்துக்கொள்ளாது. கதை போகும் தூரம் உடன் போகும். தாள் அரிதாகக் கிடைக்கும் சிறையில், மனத்தில் வைத்துக் காக்கவும் ஏற்றது. அதனால்தான் அவர் அதைத் தேர்ந்தார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. படிக்கும்போது எனக்கு அப்படித் தோன்றியது. சில இடங்களில் பாட்டு வறண்டு, ஊர்ப் பெயரும் ஆட்பெயருமாக நடக்கிறது. அந்த வறட்சியைக் குறை என்று முதலில் நினைத்தேன். இன்று, பாட்டுக்காக உண்மையை வளைக்காத ஒருவரின் நடை என்று நினைக்கிறேன். இலக்கியத்தில் அது சிறு குறையே. வரலாற்றுக்கு அது பெருங்கொடை.

மெய்யறம் என்ற நூலும் கண்ணனூர்ச் சிறையில் உருவானதுதான். அதிகாரத்திற்குப் பத்து அடியாக 125 அதிகாரங்கள். அதன் முதற் பிரிவுக்கு மாணவரியல் என்று பெயர். மாணவர்களாகிய நாம் அறிய வேண்டிய செய்தி இது: செக்கிழுத்துத் தழும்பேறிய கை முதலில் நமக்குத்தான் எழுதியது.

இப்போது என் பொய்க்கு வருகிறேன். 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைக் கதவு திறந்தது. கடல்போல் மக்கள் இல்லை. வரவேற்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவர்களே என்றும், அவர்களுள் ஒருவர் தொழுநோயால் உருமாறிய சுப்பிரமணிய சிவா என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நாலரை ஆண்டுக்கு முன் யாருக்காகத் திருநெல்வேலி எரிந்ததோ அவர் வெளியே வந்தபோது ஊர் வரவில்லை.

அதன் பின் அவர் 24 ஆண்டுகள் வாழ்ந்தார். சுயசரிதையின் கதையோ பெரும்பாலும் சிறைவாசத்தோடு நின்றுவிடுகிறது. ஆகவே எஞ்சிய வாழ்வை வேறு சான்றுகளிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று குடி மாறினார். அரிசி விற்றார், நெய் விற்றார். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய பணம் காந்தியடிகளிடம் இருந்தது. அதைப் பற்றி 1915இலும் 1916இலும் இருவருக்கும் இடையே கடிதங்கள் நடந்தன. தொகை 347 ரூபாய் 12 அணா. இரண்டு கப்பல்கள் வாங்கப் பத்து இலட்சம் திரட்ட முனைந்தவர், அந்தப் பணம் வந்ததா, எப்போது வரும் என்று கேட்டு அஞ்சல் எழுதினார். எத்தனை கூச்சம் இருந்திருக்கும்! எனினும் கேட்டார், வீட்டில் அரிசி வேண்டுமே.

அரசியலில் அவர் திலகரின் தொண்டர். ஒத்துழையாமைத் திட்டத்தை ஏற்காமல் 1920இல் காங்கிரசிலிருந்து விலகினார். உரிமத்தை மீட்டுக் கொடுத்தவர் வாலேஸ் என்ற ஆங்கில நீதிபதி. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் சூட்டினார். ஆங்கில ஆட்சியை எதிர்த்து ஆயுள் தண்டனை பெற்றவர் ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைத் தம் வீட்டுக்குள் மகனாக வளர்த்தார்! தம் பேச்சுப் போட்டிகளில் இதை எவரும் சொல்வதில்லை. வெள்ளையன் என்றாலே வெறுத்தார் என்று சொன்னால்தான் கைதட்டல் வரும். அவர் வெறுத்தது ஆட்சியை, மனிதரை அன்று.

உரிமம் திரும்பிய பின் கோவில்பட்டியிலும், 1932 முதல் தூத்துக்குடியிலும் தொழில் செய்தார். வருவாய் பெரிதாக இல்லை. அந்நிலையிலும் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு 1917இல் பதிப்பித்தவர், தொல்காப்பிய இளம்பூரணத்தையும் பின்னாளில் பதிப்பித்தார். 1930களில் கொழும்பு வீரகேசரியில் திலகரின் வரலாற்றைத் தொடராக எழுதினார். தம் கப்பல் சென்று சேர்ந்த துறைமுகத்திற்கு இப்போது அவருடைய கட்டுரை சென்றது. 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் நீத்தார்.

இறப்பதற்குமுன் அவர் சொல்லி எழுதுவித்த உயில் ஒன்று உண்டு. அதில் யார் யாருக்குத் தாம் கடன்பட்டிருக்கிறார் என்ற பட்டியல் இருக்கிறது. கடைக்காரர்களுக்குத் தர வேண்டிய சிறு சிறு பாக்கிகள்கூட அதில் உள்ளன. அதைப் பற்றிப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் தந்தையார் தூத்துக்குடித் துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளி. எங்கள் வீட்டிலும் ஒரு மளிகைக் கடை நோட்டு உண்டு. மாதம் பிறந்ததும் சம்பளத்தை எடுத்துக்கொண்டு, நோட்டோடு முதலில் கடைக்குத்தான் போவார். 2011ஆம் ஆண்டு முதல் அந்தத் துறைமுகத்துக்குச் சிதம்பரனார் பெயர். அந்தப் பெயர் பொறித்த வாயிலில் நாள்தோறும் நுழைந்து வெளிவரும் ஒருவரின் நோட்டும் அந்தப் பெயருக்குரியவரின் உயிலும் ஒரே கையெழுத்தில் இருப்பதுபோல் எனக்குப் பட்டது. மேடையில் நான் கூட்டிய கடல் போன்ற கூட்டம் இந்த உண்மையை மூடி மறைத்த திரை அல்லவா? ஊர் வரவில்லை என்ற குற்றத்தை, ஊர் வந்தது என்ற பொய்யால் நான் துடைத்துவிட்டேன்.

இனி நண்பனின் கேள்விக்கு விடை. கருவி தன்னைத் தானே அளந்தால் நம்பக் கூடாது என்பது சரியே. ஆனால் நம் ஆய்வுக்கூடத்தில் பிழையே இல்லாத கருவி எது? கருவியின் பிழை எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துகொண்டு, வேறொரு கருவியோடு ஒப்பிட்டு, அதன்பின் பயன்படுத்துகிறோம். தன்வரலாற்றையும் அப்படியே படிக்கலாம். கப்பல் கம்பெனி, வேலைநிறுத்தம், வழக்கு ஆகியவற்றுக்கு நீதிமன்றத் தீர்ப்பும் அரசின் கோப்புக்களும் செய்தித்தாள்களும் சான்றாக நிற்கின்றன. அவற்றோடு அவர் சொல்வதை ஒப்பிடலாம். சிறைச் சுவருக்குள் நிகழ்ந்தவற்றுக்கோ அதிகாரியின் குறிப்பும் கைதியின் பாட்டும் தவிர வேறு சான்று ஏது? அதிகாரியின் குறிப்பை வரலாறு என்றும் கைதியின் பாட்டைக் கதை என்றும் பிரித்தால், பூட்டை வைத்திருந்தவனுக்கே வரலாற்றையும் கொடுத்தவர்கள் ஆவோம்.

இந்த ஒப்பீட்டை வாழ்நாள் வேலையாக மேற்கொண்டவர் ஆ. இரா. வேங்கடாசலபதி. பதினேழு வயதில், 1984இல், வ. உ. சி.யின் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டார். திருநெல்வேலி எழுச்சியும் வ. உ. சி.யும் என்ற அவரது நூல் 2024ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. காந்தியடிகளிடமிருந்து வர வேண்டிய பணத்தின் கதையை ஆராய்ந்து துலக்கியவரும் அவரே. நம்மைவிட இளையவராக இருந்தபோது தொடங்கிய வேலை அது என்பதை நினைத்தால் சற்று வெட்கமாக இருக்கிறது.

உலகின் மற்றப் புரட்சியாளர்களும் தம் கதையை எழுதினர். உருசியாவின் குரோப்பட்கின், சிறை மருத்துவமனையிலிருந்து தப்பியோடிய இளமைக் கதையை 1899இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புக்களில் சொன்னார். அவர் எழுதியது இங்கிலாந்தில், காவலர் எட்ட முடியாத இடத்தில். இராம்பிரசாத் பிஸ்மில் கோரக்பூர்ச் சிறையில் எழுதினார். 1927 டிசம்பர் 19ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். ஒருவருக்குப் பின்னால் நீண்ட வாழ்வு இருந்தது. மற்றவருக்கு முன்னால் தூக்குமரம் இருந்தது. சிதம்பரனாரோ இரண்டுக்கும் நடுவே, எப்போது வெளியே வருவோம், வந்தால் யார் ஏற்பார் என்று தெரியாத நிலையில் தொடங்கினார். எழுதுபவன் எங்கே அமர்ந்து எழுதுகிறான் என்று தெரிந்தால்தான் அவன் சொல்வதன் எடை நமக்குத் தெரியும்.

எழுதாதவர்களும் உண்டு. பெங்களூர் மாணவர்கள் எல்லாரும் ஒருமுறையேனும் விடியற்காலையில் நந்தி மலைக்குச் சென்று சூரியோதயம் பார்த்திருப்போம். ஆஷ் கொலை வழக்கின் முதற் குற்றவாளியாக நின்று ஏழாண்டுத் தண்டனை பெற்ற நீலகண்ட பிரம்மசாரி, பின்னாளில் ஓம்கார் சுவாமிகள் என்ற பெயரில் துறவியாக வாழ்ந்து, 1978இல் மறைந்தது அந்த மலையில்தான். நானும் இருமுறை போயிருக்கிறேன். படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அப்போது எனக்கு இது தெரியாது. கப்பலோட்டிய தமிழன் படத்தை 1961இல் எடுத்த பி. ஆர். பந்துலுவும் இந்தக் கன்னட மண்ணின் கோலார்ப் பகுதியில் பிறந்தவர்தாம். என் தார்வாட் நண்பனிடம் இதைச் சொன்னேன். அப்படியானால் உங்கள் சிதம்பரனாரில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்றான். 25 ரூபாய்ப் பங்கா என்று கேட்டேன். இருவரும் சிரித்தோம்.

தோழர்களே, நம் சங்கத்தில் ஆண்டுதோறும் பேச்சுப் போட்டி நடத்துகிறோம். தலைவர்களின் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். அந்தத் தலைவர்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பேச வேண்டும் என்று ஒரு விதியை இவ்வாண்டு முதல் சேர்த்தால் என்ன? சுயசரிதை சிறிய நூல்தான். தமிழ்ச் சங்க நூலகத்தில் இருக்கிறது. நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது தந்தையாரிடம் என் பொய்யைச் சொன்னேன். அதே தட்டில்தான் உண்டுகொண்டிருந்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, யாருமே வரவில்லையா என்று கேட்டார். சிவா வந்திருந்தார் என்றேன். அவராவது வந்தாரே என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.